தள்ளின பாரம் எங்கே போனது?

போன மாதம் யாழினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். கெட்டிக்காரி, ஆனால் பொறுமை மட்டு.

"ஆன்ட்டி, நம்ம டெஸ்ட் ரூல்ஸ்ல ஒரு வரி இருக்கு. முட்டுக்கட்டை போட்டவரேதான் எடுக்கணுமாம், அவர் வர்ற வரைக்கும் பம்பைத் தொடக் கூடாதாம். இப்ப நம்ம டெஸ்ட் ஃபிரேம்ல முட்டுக்கட்டையே கிடையாதே. வெட்டிடவா?"

"வெட்டிடாதே," என்றேன். "அதுக்குப் பின்னால ஆள் இருக்கு."

"யாரு? சுருக்கமா சொல்லுங்களேன்."

சுருக்கமாகவா! அந்த நாளை நினைத்தாலே எனக்கு இன்னும் கை பரபரக்கிறது. சமையலறையில் குழம்பைக் கிளறிக்கொண்டே சொல்லிவிடுகிற கதையா அது? எழுதி அனுப்புகிறேன் என்று போனை வைத்தேன். இதோ எழுதுகிறேன். யாழினி, காப்பி கலந்துகொண்டு வந்து உட்கார்.

நான் வேணி. கெடா மாநிலத்து லூனாஸ்காரி. பள்ளி முடித்ததும் கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, நாள் முழுக்க ஒரே மாதிரி சின்னத் தகடுகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனது. மண் பரிசோதனைக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். முதலில் மண் சலிக்கச் சொன்னார்கள், பிறகு எடை போடச் சொன்னார்கள், பிறகு அளவுமானி படிக்கச் சொன்னார்கள். படிப்பெல்லாம் அவ்வளவுதான். மிச்சத்தை எங்கள் இன்ஜினியரும் மேலதிகாரியுமான கதிரேசன் திருத்தித் திருத்திப் புகட்டினார்; நாங்கள் அவரைப் போஸ் என்போம்.

கட்டடமோ படகுத்துறையோ, அதன் பாரத்தைத் தாங்க மண்ணுக்குள் அடித்து இறக்குகிற நீளமான தூணைத்தான் நாங்கள் பைல் என்போம். அடித்த பைல் உண்மையிலேயே தாங்குமா என்று பாரம் ஏற்றிப் பார்ப்பது எங்கள் பிழைப்பு. கோலா கெடா பக்கமெல்லாம் களிமண். களிமண் நெஞ்சழுத்தக்காரன். இன்று தள்ளினால் நாலு நாள் கழித்துத்தான் என்ன நினைத்தான் என்று தெரியும். மணல் அப்படி இல்லை. தள்ளினால் அந்த நிமிஷமே பதில் சொல்லிவிடும். எனக்கு மணலைத்தான் பிடிக்கும். என் குணமும் அதுதான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

கதிரேசன் போஸ் வித்தியாசமான மனிதர். சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் "வேணி, இங்க வா" என்பார். "வேணி, கொஞ்சம் இங்க வர்றீங்களா" என்று கேட்டால் நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று அர்த்தம். சோதனை நடக்கும்போது அளவுமானிகள் பொருத்திய சட்டத்தின் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. வெயில் படாமல் அதற்குக் குடை பிடிக்க வேண்டும், நாம் காய்ந்தாலும் பரவாயில்லை. பைல் நகர்வதை மில்லிமீட்டரில் காட்ட, ஒரே பைலுக்கு இரண்டு மானி, இரண்டு ஆள். படித்த எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. துண்டுத் தாளில் எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும். ஒருவர் எண் மற்றவர் கண்ணைக் கெடுத்துவிடுமாம். ஒரு தடவை உற்சாகத்தில், "நல்ல நம்பர் போஸ்" என்று சொல்லிவிட்டேன்.

"நல்ல நம்பர்னு ஒண்ணு கிடையாதும்மா," என்றார். "நம்பர்தான் இருக்கு."

இனி விஷயத்துக்கு வருகிறேன். செமிலிங்கைத் தாண்டி, ஆறு கடலைச் சேர்கிற பக்கத்தில் ஒரு தனியார் படகுத்துறை கட்ட இருந்தார்கள். அங்கே அடியில் நல்ல மணல். படகுத்துறை என்றால் பைலுக்கு இரண்டு தொல்லை. மேலே தளத்தின் பாரம் ஓயாமல் அழுத்தும். படகு வந்து அணையும்போது பக்கவாட்டில் இடிக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் பைல் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியில் இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். பினாங்கிலிருந்து வந்த ஆலோசகர் ஓங், தலை நரைத்த பெரிய அனுபவசாலி. மேலே பாரம் இருக்கும் பைல் கொஞ்சம் வளைந்தால் அந்தப் பாரமே அதை மேலும் வளைத்துவிடும், அதனால் நேர் பைல்களோடு சாய்வு பைல்களும் அடிக்க வேண்டும் என்றார். தப்பான பேச்சு இல்லை, அப்படியும் நடக்கும். எங்கள் போஸ் வேறு சொன்னார். இந்த மணலில் மேல்பாரம் இறங்கும்போது அது பைலைச் சுற்றியுள்ள மணலையும் நெருக்குகிறது, நெருங்கின மணல் பைலை இறுக்கிப் பிடிக்கும், வளைவதற்கு முன்னால் பிடி விழுந்துவிடும், நேர் பைல்களே போதும் என்றார். பீடோங்கில் ஒரு கோப்பிக் கடையில் சர்க்கரை டப்பாவில், சாத்தே இறைச்சி சுடுகிற குச்சியைச் செருகி எனக்கு அதைக் காட்டினார். சும்மா தள்ளினால் குச்சி சாய்ந்தது. தலையில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே தள்ளினால் முரண்டு பிடித்தது. கடைக்காரர் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

கூட்டத்தில் பேச்சு முற்றிப்போய் போஸ் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். "டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம். என் கணக்கு தப்புன்னா வரைபடத்திலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க."

எனக்குச் சுரீர் என்றது. தன் பெயரைத் தானே எடுத்துக்கொண்ட இன்ஜினியரை நம்பி அடுத்த வேலையை யார் கொடுப்பார்கள்? அவர் தம் தொழிலையே அந்த மணலில் செருகிவிட்டார்.

கரையில் ஒரே அளவில் இரண்டு பைல் அடித்தோம். முதல் பைலை மேல்பாரம் இல்லாமல் பக்கவாட்டில் மட்டும் தள்ளினோம். ஜாக்கியைப் படிப்படியாக ஏற்றினோம்; முழுத் தள்ளலில் பைல் பன்னிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தது. இரண்டாவது பைலில் மேல்பாரத்தை வைத்துக்கொண்டு அதே அளவு தள்ள வேண்டும். பன்னிரண்டைத் தாண்டினால் ஓங் சொன்னது சரி. குறைந்தால் போஸ் சொன்னது சரி. ஒன்பதுக்குப் பக்கத்தில் நிற்கும் என்று போஸ் முன்கூட்டியே ஓங்கிடம் சொல்லியிருந்தார்.

இரண்டாவது பைலுக்குச் செய்த ஏற்பாட்டைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். பைலின் தலை மணலுக்கு மேலே இடுப்பளவு நிற்கும். அதன் இரண்டு பக்கமும் கனத்த மரங்களை அடுக்கி, குறுக்கே இரும்பு உத்தரம் போட்டு, அதன் மேல் கான்கிரீட் கற்களை வீட்டு உயரத்துக்கு ஏற்றுவார்கள். உத்தரத்துக்கும் பைல் தலைக்கும் நடுவில் ஜாக்கி. அதை ஏற்றினால் மேலே கற்கள் முட்டும், கீழே பைல் அழுந்தும். இன்னொரு ஜாக்கி பக்கத்திலிருந்து தள்ளும். ஆனால் மேலிருந்து இறுக்கிப் பிடித்த பைல் பக்கவாட்டில் எப்படி நகரும்? அதற்காகப் பைல் தலையில் இரண்டு தகடுகளும் நடுவில் இரும்பு உருளைகளும் வைப்போம். பாரம் பாட்டுக்கு அழுத்தும், பைல் பாட்டுக்கு நகரும். மேல்பாரம் ஏற்றும்போது உருளைகள் வழுக்கிவிடாமல் இருக்க முட்டுக்கட்டை கொடுப்பது வழக்கம். தள்ளுவதற்கு முன்னால் அவற்றை எடுத்துவிட வேண்டும்.

முட்டுக்கட்டை போடுவதற்கு எங்கள் முனியாண்டி அண்ணனை விட்டால் ஆள் ஏது? லூனாஸில் எங்கள் கோயில் ரதத்துக்கு வருஷா வருஷம் கட்டை போடுகிறவர் அவர்தான். பெரிய கால்வாயை ஒட்டி ரோடு சரிகிற இடத்தில் ரதத்தை நிறுத்தி அர்ச்சனை நடக்கும். கூட்டம் ஆர்வத்தில் வடத்தை இழுத்துவிடும். அதனால் அவர் ஒரு வேலை செய்வார். எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி முன்னால் இரண்டு கட்டை போடுவார். சக்கரத்துக்கு உள்பக்கமாக, கண்ணில் படாமல், ஒல்லியாக இன்னொன்று செருகுவார். முன்கட்டையை யார் வேண்டுமானாலும் எடுக்கட்டும். உள்கட்டையை, ஐயர் கையசைத்த பிறகு அவரே குனிந்து எடுப்பார். அப்புறம்தான் ரதம் அசையும்.

அன்று காலையில் அண்ணன் கட்டைகளைப் போட்டார். மேல்பாரம் ஏறியது. போஸ் பக்க ஜாக்கியைத் தயார் பண்ணச் சொன்ன நேரம் பார்த்து ஜெனரேட்டருக்கு மின்யாக், அதாவது டீசல், தீருகிற நிலைக்கு வந்துவிட்டது. அண்ணன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பீடோங்குக்குப் பறந்தார். மிச்சம் இருந்த மின்யாக்கில் ஜாக்கிகளை ஏற்றுகிற பம்பை ஓட்டலாம் என்று ஆரம்பித்தோம். முன்னால் தெரிந்த இரண்டு கட்டையையும் வேலையாட்கள் எடுத்துப் போட்டார்கள்.

நான் என் மானிக்கு முன்னால் குந்தினேன். முதல் படி. முள் அசையவில்லை. இரண்டாவது படி. அசைந்த மாதிரி ஒரு பாவனை. மூன்று, நான்கு. எனக்கு நெஞ்சு படபடத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷத்தில் படபடத்தது. முழுத் தள்ளலும் ஏறியபோது என் தாளில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறவில்லை. எதிர்ப்பக்க மானியும் அதையேதான் சொன்னது என்று பிறகு தெரிந்தது.

ஓங் குனிந்து மானியைப் பார்த்தார். நிமிர்ந்தார். கையை நீட்டினார்.

"தாக் கெராக் லா, கதிர்," என்றார். அசையவே இல்லையாம். "யூ வின். சாய்வு பைல் வேணாம். நானே எழுதித் தர்றேன்."

வேலையாட்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். போஸின் பெயர் பிழைத்தது, தொழில் பிழைத்தது. இதைவிட என்ன வேண்டும்? அவர் மட்டும் இரண்டு துண்டுத் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓங் நீட்டின கை அப்படியே நின்றது.

"வேணி," என்றார், "கொஞ்சம் இங்க வர்றீங்களா."

போச்சு, நான் செத்தேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் கோபம் என் மேல் இல்லை. தாளின் மேல்.

"ஒன்பதுன்னு நான் சொன்னேன். இது ஒண்ணுகூட இல்ல. மணல் இவ்ளோ நல்லவன் இல்லைம்மா."

"கணக்கை விட நல்லா வந்திருக்குன்னா நல்லதுதானே போஸ்?"

"முதல் பைலைத் தள்ளினப்போ அந்தப் பாரத்தை மணல் வாங்கிச்சு. பைல் நகர்ந்துச்சு. இப்ப அதே பாரத்தைத் தள்ளியிருக்கோம். பைல் வாங்கல. அப்ப தள்ளின பாரம் எங்க போச்சு?"

ஓங் சிரித்தார். "எங்கே போனா என்ன லா. உன் பக்கம்தான் ஜெயிச்சிருக்கு. மக்கான் போகலாம் வா," என்று சாப்பிடக் கூப்பிட்டார்.

போஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பைலைச் சுற்றிப் பார்க்கவில்லை, கல் அடுக்கைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் மானிகள் எல்லாம் பைலில் இருந்தன. அடுக்குக்கு ஒரு மானிகூட இல்லை. ஆற்றுப் பக்கத்து மர அடுக்கின் காலடியில் போய்க் குந்தினார். விரலால் மணலைத் தொட்டார். நான் எட்டிப் பார்த்தேன். மரத்தை ஒட்டி மணலில் ஒரு மடிப்பு, புதுசு. மரம் நூலளவு நகர்ந்து மணலைச் சுருட்டியிருந்தது.

தள்ளின பாரம் அங்கே போயிருந்தது. பைலைத் தள்ளுவதாக நினைத்து, தலைக்கு மேல் வீட்டு உயரம் நிற்கிற கல் அடுக்கையே நாங்கள் தள்ளிக்கொண்டிருந்தோம்.

போஸ் எழுந்து, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்: "எல்லாரும் மெதுவா வெளிய வாங்க. ஓட வேணாம். சாமானை எடுக்க வேணாம். மிஸ்டர் ஓங், நீங்களும்."

அத்தனை மரியாதையை ஒரே மூச்சில் அவரிடமிருந்து நான் கேட்டதில்லை. எல்லாரும் வந்துவிட்டார்கள். நல்ல வேளையாகப் பம்பு தள்ளி இருந்தது, நீளக் குழாயில்தான் ஜாக்கியோடு சேர்ந்திருந்தது. தூரத்தில் மட்டம் பார்க்கிற கருவி நின்றது. அதன் கண்ணாடி வழியே மர அடுக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி போஸ் என்னிடம் சொன்னார்.

"நகர்ந்தா வாய்விட்டுச் சொல்லு. இன்னைக்கு மட்டும் சத்தமாச் சொல்லலாம்."

பம்பின் திருகை அவரே பிடித்தார். மயிரிழை திறப்பார், நிறுத்துவார். நான் கண்ணாடியில் கண்ணை வைத்துக்கொண்டு, "இல்ல போஸ்... இல்ல... இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முதலில் பக்கத் தள்ளல் இறங்கியது. பிறகு மேல்பாரம் இறங்கியது. கல் அடுக்கு ஒரு தடவை முனகியது, அவ்வளவுதான். ஓங் என் பக்கத்தில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்துக்கு முனியாண்டி அண்ணன் மின்யாக் டின்னோடு வந்து இறங்கினார். எல்லாரும் வெளியே நிற்பதைப் பார்த்தார். பைல் அசையவில்லையாம் என்று யாரோ சொன்னார்கள். அவர் முகம் வெளுத்தது. டின்னை வைத்துவிட்டு நேரே போஸிடம் வந்தார்.

"உள்கட்டை இருக்கு போஸ்," என்றார். "நான் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிட்டீங்களா? கண்ணுல படாம உள்பக்கமா ஒண்ணு போட்டிருந்தேன். ரதத்துக்குப் போடுற மாதிரி. கை பழக்கம்."

"நீங்க இல்லாம ஆரம்பிச்சது நான்தான் அண்ணே," என்றார் போஸ். "போய் எடுங்க. இப்ப பாரம் இல்ல, பயமில்ல."

அண்ணன் குனிந்து, உருளைகளுக்கு உள்பக்கம் கையை விட்டு, கட்டையை உருவினார். உருளைகளை உருளவிடாமல் பிடித்து, தள்ளலைக் கல் அடுக்குக்கு அனுப்பிய அந்தக் கட்டையின் ஒரு ஓரம் அப்பளமாக நசுங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. வேலை போய்விட்டது என்றே நினைத்தார், பாவம். போஸ் கட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கையிலேயே கொடுத்தார்.

"நாளைக்கும் போடுங்க. எங்க வேணும்னாலும் போடுங்க. ஆனா போட்டவர்தான் எடுக்கணும். நீங்க வந்து நிக்கிற வரைக்கும் நான் பம்பைத் தொட மாட்டேன்."

யாழினி, நீ வெட்டப் பார்த்த வரி அதுதான்.

ஆனால் ஓங் விடவில்லை. காருக்குப் போகிற வழியில் போஸை நிறுத்தி மெதுவாகக் கேட்டார். எனக்குக் காது கூர்மை. "நாளைக்கு உன் கணக்கு தோத்துப் போச்சுன்னா? இன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டிருப்பேனே."

"போட்டிருப்பீங்க," என்றார் போஸ். "படகு வந்து இடிக்கிறப்போ முட்டுக்கட்டை யாரு போடுவா?"

மறுநாள் காலையில் நான் சாப்பிடவில்லை. மரங்களைச் சரிபண்ணி, அடுக்கைச் சோதித்து, இந்தத் தடவை அடுக்குக்கும் ஒரு மானி வைத்தோம். மேல்பாரம் ஏறியது. அண்ணன் முன்கட்டை இரண்டையும் எடுத்தார். பிறகு குனிந்து உள்கட்டையை எடுத்து, எல்லாரும் பார்க்கத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார். ஐயர் கையசைப்பதற்குக் காத்திருக்கிற மாதிரியே போஸைப் பார்த்தார். போஸ் தலையசைத்தார்.

முதல் படி. என் முள் நகர்ந்தது.

வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஆனால் நான் துள்ளிவிட்டேன். எதிரே போஸ் என் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. தன் தொழிலையே பணயம் வைத்தவர், பைல் நகர்கிறது என்று தெரிந்ததும் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். முந்தின நாள் அசையாததற்குக் கை தட்டின கூட்டம் இன்று அசைவதற்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

ஆனால் நகர்வது மட்டும் போதாதே. எங்கே போய் நிற்கும்? இரண்டாவது படி, மூன்றாவது. முள் ஒவ்வொரு படிக்கும் பதில் சொன்னது. நாலு தாண்டியது. ஆறு தாண்டியது. ஏழு. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். எட்டு. போதும்டா சாமி, நில்லு, என்று முள்ளிடம் கெஞ்சினேன். முழுத் தள்ளலும் ஏறியது. முள் எட்டைத் தாண்டி நடுங்கிக்கொண்டு, ஒன்பதைத் தொட்டு, நின்றது. கொஞ்ச நேரம் காத்திருந்தோம். அங்கேயே நின்றது.

தாளை நீட்டினேன். எதிர்ப்பக்கத் தாளும் வந்தது. போஸ் இரண்டையும் ஓங்கிடம் கொடுத்தார். அவர் படித்துவிட்டு, பைலைப் பார்த்து, மணலைப் பார்த்து, மறுபடியும் கையை நீட்டினார். இந்தத் தடவை போஸ் பற்றிக்கொண்டார்.

"நல்ல நம்பர்," என்றார் ஓங்.

போஸ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ சோதனைகள் பார்த்துவிட்டேன். இப்போது உங்களுக்குக் குடையும் வேண்டாம், துண்டுத் தாளும் வேண்டாம். மடிக்கணினியில் கோடு தானாக ஏறுகிறது. பொறாமையாக இருக்கிறது, நல்ல பொறாமை. எனக்கும் அப்படி ஒன்று கிடைத்திருந்தால் விட்டிருப்பேனா? ஆனால் கோடு ஏறாமல் அழகாகப் படுத்துக் கிடக்கிற அன்று எழுந்து போய் ஒரு சுற்று நடந்து பார், யாழினி.

இந்த வருஷம் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, நேர் பைல்களை மட்டும் நம்பிக் கட்டின அந்தத் துறைக்குப் போனேன், படகு ஏறுவதற்கு. ஓட்டுகிறவர் புதுசோ என்னவோ, வந்து அணையும்போது நன்றாகவே இடித்தார். காலுக்கடியில் தளம் லேசாக அசைந்தது. என் பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ ஆன்ட்டி, ஆடுது லா."

"ஆடணும்மா," என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆடிட்டுத் திரும்பி வந்துடுச்சு பாரு."

அங்கேயே நின்றுகொண்டு போனை எடுத்தேன். கதிரேசன் போஸ் இப்போது சுங்கை பட்டாணியில் மகன் வீட்டில் இருக்கிறார். நடை குறைந்துவிட்டது, காதும் மந்தம், ஆனால் வாட்ஸ்அப் விடாமல் பார்ப்பார். "போஸ், படகு இடிச்சது. நம்ம பைல் நகர்ந்துச்சு," என்று எழுதி அனுப்பினேன்.

படகில் ஏறி உட்காருவதற்குள் பதில் வந்துவிட்டது.

"எவ்ளோ?"